திவசத்துக்கு முதல் வாங்கோ

செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் வழக்குப் போடுவதற்குத் தாள் தயாரிப்பதுதான் என் தொழில். கிளிநொச்சியில், நீதிமன்றத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் பத்துப் பன்னிரண்டு வருடமாக லிகிதராக இருக்கிறேன். சட்டத்தரணி ஒரு பெண். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் 'மிஸ்', நான் 'கிளாக்கர்'. காணி வழக்கும் தாபரிப்பு வழக்கும் எல்லாக் கந்தோரிலும் உண்டு. எங்களிடம் அவற்றோடு வேறொரு கூட்டமும் வரும். ரோட்டில் அடிபட்டு, கரண்ட் அடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், வேலைத்தலத்தில் என்று யாரோ ஒருவருடைய கவனயீனத்தால் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள்.

உங்களில் சிலர் காலை எட்டரைக்கே கோட்டு மர வாங்கில் வந்திருந்து, பதினொன்றரைக்கு, இன்னொரு நாள் வாங்கோ என்று அர்த்தப்படும் 'தவணை' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறியிருப்பீர்கள். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொலிஸ் போடும் வழக்கு அரசாங்கத்தின் வழக்கு. குடும்பம் தன் பேரில் போடுவது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அதை ஆள் செத்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பிந்தினால் போச்சு. இதையெல்லாம் சட்டப் பாஷையில் சொன்னால் சனத்துக்கு ஏறாது. ஊர்ப் பேச்சில் உடைத்துச் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு இப்போது இல்லை.

ஒருவரிலும் சந்தேகம் இல்லை

செல்வராணி அக்காவுக்குக் கண்டாவளை. பிள்ளைகள் இல்லை. புருசன் தர்மலிங்கம் ஓர் ஐப்பசி மாதம், பொழுது படுகிற நேரம், வயலில் இருந்து சைக்கிளில் வரும்போது மணல் ஏற்றிய டிப்பர் அடித்து அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. டிப்பர்காரன் பொலிசில் சொன்னது இதுதான்: சைக்கிளில் லைட் இல்லை, ஆள் குடிவெறியில் ஆடி ஆடி வந்து குறுக்கே விழுந்தார். ஊருக்குள் ஒரு கள்ளுத் தவறணை திறக்க வெளிக்கிட்டபோது, வேண்டாம் என்று கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து தர்மலிங்கத்தினுடையது. அப்படிப்பட்ட மனிசன் வெறியில் செத்தாராம் என்ற கதை, அந்த மனுவால் மனம் நொந்திருந்தவர்களுக்கு நல்ல சுவையாக இருந்திருக்கிறது. உடம்பு ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் கதை வந்துவிட்டது.

மரண விசாரணையில் சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்தச் சாவில் யாரிலாவது சந்தேகம் உண்டா? எங்கள் சனம் இதற்கு ஒரே மறுமொழிதான் வைத்திருக்கிறது. சந்தேகம் என்று ஒரு சொல் சொன்னால் உடம்பை எரிக்க விடமாட்டார்கள், பிறகு தோண்டிப் பார்க்க வசதியாகப் புதைக்கச் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எரிக்கிற குடும்பத்தில் புதைப்பதா? அதனால் 'ஒருவரிலும் சந்தேகம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்து உடம்பை வாங்கிக்கொண்டு போவார்கள். நூறு பைலில் இந்த வசனத்தைப் பார்த்திருப்பேன். செல்வராணி அக்காவும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வசனத்தையும் டிப்பர்காரனின் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வைத்திய அறிக்கையைப் பாராமலே பொலிஸ் தன் வழக்கைக் கைவிட்டது. முதல் தரம் எங்கள் கந்தோருக்கு வந்தபோது, ஏன் அக்கா அப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வேற என்னத்தை எழுத, தம்பி? மனிசனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமே?"

ஒரே மோட்டார் சைக்கிளில்

கனகராயன்குளம் பக்கத்தில் இருந்து ஒரு இளம் பெண் வந்தாள். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் கால் பட்டுப் புருசன் செத்துப் போனான். வீட்டு லைனில் இருந்து கள்ளமாகக் கரண்ட் எடுத்து வயலைச் சுற்றி இழுத்த கம்பி அது. புருசனின் தாய், வழக்குப் போடாவிட்டால் மருமகள் என்று சொல்லிக்கொண்டு வாசல்படி மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாவாம். கம்பி யாருடையது என்று கேட்டேன். அவள் யன்னலால் வெளியே காட்டினாள். வேப்பமரத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அவளுடைய குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு ஒரு மனிசன் நின்றான். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவன்தான் எதிராளி, அவன்தான் அவளைக் கூட்டி வந்தவன்.

"கேஸைப் போடுங்கோ, ஆனா அண்ணைக்கு ஒண்டும் வரக்கூடாது" என்றாள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன், மிஸ் மேசையைப் பார்த்தார். இப்படி ஒரு வழக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அண்ணன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மச்சானைத் தன் கையால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியும். தங்கச்சி பேனையோடு இருப்பதைக் கண்டு அவள் பின்னால் வந்து நின்றான்.

"எனக்கும் எங்கையாவது கையெழுத்து இருக்கோ?"

கோட்டுப் படி

செல்வராணி அக்கா முதல் தரம் வந்தது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமையில். வந்தது வழக்குப் போட அல்ல, போடலாமா என்று கேட்க. வழக்கு வென்றால் என்ன கிடைக்கும் என்று மிஸ் சொல்லத் தொடங்கினார். அக்கா கையைக் காட்டி மறித்துவிட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தர்மலிங்கம் வெறியில் வரவில்லை என்று ஒரு நீதவான் எழுத வேண்டும், அதை அவர் கையில் கொண்டுபோய் ஊருக்குக் காட்ட வேண்டும். இப்படிக் கேட்டு வந்த ஒருவரை நான் அதுவரை காணவில்லை. எனக்கு அவரில் ஒரு பெரிய மரியாதை வந்தது.

மிஸ் சொன்னார், அதற்கு வழி இருக்கிறது. நட்டஈட்டு வழக்கில் நீதிபதி பிழை யாருடையது என்று தீர்மானிக்காமல் தீர்ப்பு எழுத முடியாது, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையையும் கூப்பிடலாம். அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் உடனே கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார். வருடம் திரும்புவதற்கு முதல் கோவில் படியே மிதிக்காத வீட்டில், கோட்டுப் படி மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு வருடத்தில் வந்தாலும் நேரம் இருக்கிறதுதானே என்று மிஸ்ஸும் விட்டுவிட்டார்.

சொன்னபடி முதலாம் திவசம் முடிந்த அடுத்த கிழமை வந்தார். அதற்கிடையில் நான் வைத்திய அறிக்கையின் பிரதியை எடுத்து, தமிழில் மொழிபெயர்த்தும் வைத்திருந்தேன். அதில் ஒரு வரி: குருதியில் மதுசாரம் காணப்படவில்லை. அந்த வரியை வாசித்துக் காட்டினேன். அக்கா அழுவார் என்று நினைத்தேன். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினார்.

"எனக்குத் தெரியும் தம்பி, அதை இனி அவங்களுக்குத்தான் சொல்லவேணும்."

மையவாடி

கபூர் நானா முல்லைத்தீவுப் பக்கம். இடம்பெயர்ந்து போய் இருபது வருடத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி, தம்பியோடு சேர்ந்து ஒரு பலசரக்குக் கடை போட்டவர். தம்பிக்கு வயிற்றில் ஒரு சின்ன ஒப்பரேசன். மூன்றாம் நாள் ஆள் மௌத்து. எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லப் போவதில்லை. அன்று பின்னேரமே உடம்பை, அவர்கள் பேச்சில் மையத்தை, எடுத்துக்கொண்டு போய் மையவாடியில் அடக்கிவிட்டார்கள். அவர்களுக்கு அதுதான் முறை, ஒருவரும் பிழை சொல்ல முடியாது. பிரேத பரிசோதனை நடக்கவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு அந்த வார்ட்டில் வேலை செய்த ஒருவர் மனம் பொறுக்காமல் நானாவிடம் அங்கே நடந்த ஒரு பிழையைச் சொல்லியிருக்கிறார்.

சொன்னவர் சாட்சிக்கு வரமாட்டார். கையில் வேறு தாள் இல்லை. மிஸ்ஸுக்குத் தெரிந்த ஒரே வழி, நீதவானிடம் கட்டளை வாங்கி உடம்பைத் தோண்டி எடுத்துப் பரிசோதிப்பதுதான். இதை நானாவுக்குச் சொல்லுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் வழக்கம்போலச் சுத்தி வளைத்து, மெதுவாக, நோகாமல் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் அது அதுதானே. அவர் தேத்தண்ணியை முழுதும் குடித்து முடித்தார். கோப்பையை வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார்.

"சொந்த மண்ணுக்குத் திரும்பி வாறதுக்கே அவன் இருபது வருசம் காத்திருந்தவன் தம்பி, இனி அவனை எழுப்பேலாது."

சோறு போட்டது யார்

ராமையா ஐயா மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு கலவரத்தின்போது பெட்டியும் கையுமாக வன்னிக்கு வந்து, காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர். பெண்சாதி இல்லை. ஒரே மகன், ஒரு கொந்தராத்துக்காரனிடம் கிணறு வெட்டுகிற வேலைக்குப் போய்வந்தான். ஒரு நாள் கிணற்றுச் சுவர் சரிந்து உள்ளேயே மூடுண்டு போனான். வேலை செய்யும்போது செத்தவனுக்கு நட்டஈடு கேட்கத் தனியாக ஓர் இடம் உண்டு. கோட்டைப் போல இழுபடாது. படிவத்தை நிரப்பினால் போதும் என்று நான் உற்சாகமாகத் தொடங்கினேன்.

'இறந்தவரில் தங்கி வாழ்ந்தோர்' என்ற இடத்தில் பேனை நின்றது. மகனின் உழைப்பில் வாழ்ந்த தகப்பன் என்று காட்டினால்தான் இவருக்கு ஏதும் கிடைக்கும். மகன் உங்களைப் பார்த்தவன்தானே என்று கேட்டேன். மனிசன் நிமிர்ந்து இருந்தார். இல்லை என்றார். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். பிறகு அவர் சொல்லித்தான் தெரியும், ஐயாவின் முழங்கால் மடங்காமல் போய் மூன்று வருடமாம். மகன் விடியக் காலையில் எழும்பிச் சமைத்து, சட்டியை மூடி, தகப்பனின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவானாம். நான் ஐயாவிடம் ஒரு வரிதானே, எழுதுகிறேன் என்றேன். அவர் ஊன்றுதடியை என் படிவத்தின் மேல் வைத்தார். அந்தப் படிவம் இன்னும் நிரப்பப்படாமல் என் அலுமாரியில் இருக்கிறது.

"எம் மகன் எனக்குச் சோறு போட்டான்னு எழுதாதீங்க தம்பி, நான்தான் அவனுக்குப் போட்டேன்."

காது கொடுத்துக் கேட்டவர்

பஸ் விபத்தில் மகனை இழந்த ஒரு தாய்க்குத் துணையாக முள்ளிவாய்க்காலில் இருந்து பூமணி அம்மா என்றொருவர் வந்திருந்தார். அந்தத் தாய்க்கு நான் என் வழக்கமான பாடத்தை நடத்தினேன். உங்கள் பிள்ளை தன் பிழையால் சாகவில்லை, பிழை விட்டவன் பொறுப்புச் சொல்ல வேண்டும், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும். தாய் தலையாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் கதிரையில் இருந்த பூமணி அம்மாதான் ஒரு சொல் விடாமல் கேட்டார். அவர் புருசனும் இரண்டு பெடியளும் எந்த மே மாதத்தில், எந்தக் கடற்கரையில் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. இங்கே அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. வெளிக்கிடும்போது அவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, ஒரு ரகசியம் போலக் கேட்டார். தாள் சிக்கிவிட்டதாகக் காட்டிக்கொண்டு நான் பிரிண்டரைக் கிண்டினேன்.

"அப்பவே ஆரையும் கேட்டிருந்தா, எங்கட ஆக்களுக்கும் உப்பிடி ஒரு வழி இருந்திருக்குமோ, மோனை?"

கலியாணப் பதிவு

செல்வராணி அக்காவின் வழக்கு இரண்டாம் வருடத்தில் கிட்டத்தட்டத் தயாராகிவிட்டது. வழக்கு முறைப்பாட்டை நானே தட்டச்சு செய்தேன். மிஸ் திருத்தினார். பொலிஸ் வாக்குமூலங்கள் சிங்களத்தில் இருந்து தமிழுக்கு வந்தன. ஒரே ஒரு தாள் குறைந்தது, கலியாணப் பதிவு. புருசனுக்காக வழக்குப் போடுகிறவர், அவர் தன் புருசன் என்று காட்ட வேண்டும். அக்காவின் பதிவு இடம்பெயர்வில் எங்கேயோ ஒரு பதுங்குகுழியில் போய்விட்டது. இருபத்தாறு வருடம் ஒரே பாயில் படுத்து எழும்பிய மனிசனுக்குத் தான் பெண்சாதி என்று காட்ட, அந்த மனிசி அரசாங்கக் கச்சேரிக்கும் பதிவுக் கந்தோருக்குமாக எட்டு மாதம் அலைந்தது. பதிவுப் புத்தகத்தில் அந்தப் பக்கமே இல்லை என்றார்கள். பிறகு வேறொரு பிரதி இருக்கலாம் என்றார்கள்.

ஒரு நாள் அலுத்துப்போய் வந்து இருந்து, எதுவரைக்கும் நேரம் இருக்கிறது என்று கேட்டார். இங்கேதான் என் கெட்டித்தனம் வேலை செய்தது. இங்கிலிஷ் மாதத் திகதி சொன்னால் அவருக்கு நினைவில் நிற்காது என்று நான் முடிவு செய்தேன். இரண்டு வருடம் என்றால் இரண்டாம் திவசம்தானே. முதலாம் திவசம் திதிப்படி, செத்த திகதிக்குப் பதினொரு நாள் முந்தியே வந்ததை நான் கவனித்து வைத்திருந்தேன். அப்படியென்றால் இரண்டாம் திவசம் இன்னும் முந்தி வரும், கையில் தாராளமாக நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அக்கா மறந்தாலும் திவசத்தை மறக்க மாட்டார். 'ரெண்டாம் திவசத்துக்கு முதல் வாங்கோ, அது போதும்' என்றேன். என் டயரியிலும் அப்படியே எழுதினேன். திகதி எழுதவில்லை. மிஸ் அன்று வவுனியா கோட்டில். பிறகு கேட்டபோது, எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன் மிஸ் என்றேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்குத் தெரிய அந்த ஒரு தரம்தான்.

"உங்களை மாதிரி விளங்கச் சொல்ல ஆக்கள் இல்லை, தம்பி."

ஆறு நாள்

அடுத்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழைக்குள், பொலித்தீன் பையில் சுற்றிய தாளோடு அக்கா வந்தார். கலியாணப் பதிவு கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை திவசம் என்றார். நான் மகிழ்ச்சியாக முறைப்பாட்டை எடுத்து, திகதி போடுவதற்காகச் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன். பிறகு மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்தேன். திரும்பவும் கலண்டரைப் பார்த்தேன். விரல் மடித்து எண்ணினேன். இரண்டு வருடம் முடிந்து ஆறு நாள்.

பிறகுதான் கோவில் ஐயரிடம் கேட்டு அறிந்தேன். திதி ஒவ்வொரு வருடமும் முந்தி முந்திப் போய்க்கொண்டே இருந்தால் ஐப்பசியை விட்டுப் புரட்டாதிக்குள் போய்விடும். செத்த மாதத்துக்குள்ளேதான் திவசம் வர வேண்டும். அதனால் ஒரு வருடம் பதினொரு நாள் முந்தி வந்தது, அடுத்த வருடம் எட்டு நாள் பிந்தி வரலாம். வந்தது. இதை இங்கே சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. மிஸ் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வழக்கைப் போட்டாலும் மற்றப் பக்கத்தார் முதல் தவணையிலேயே காலம் கடந்தது என்று சொல்லித் தள்ள வைப்பார்கள் என்று அவரே அக்காவுக்கு எடுத்துச் சொன்னார். பிழை எங்கள் கந்தோரில்தான் என்றும் சொன்னார். எங்கள் மேல் முறைப்பாடு செய்யலாம், அதற்கான இடத்தை நானே எழுதித் தருகிறேன் என்றார்.

அக்கா அதைக் காதில் எடுக்கவில்லை. தாள் புரட்டாதியிலேயே கிடைத்துவிட்டதாம். விதைப்பு முடியட்டும், திவசத்துக்கு முதல் என்றுதானே கிளாக்கர் தம்பி சொன்னவர் என்று வைத்திருந்தாராம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதுதான் என்னை அறுத்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சொற்களில் கேட்டேன் என்று நினைவில்லை. அவர் பதிவைத் திரும்பப் பொலித்தீனுக்குள் மடித்து வைத்தார்.

"அப்ப இனி அவர் வெறியிலதான் வந்தவரோ, தம்பி?"

திவசச் சாப்பாடு

வாசல் வரை போன அக்கா திரும்பி வந்து என்னைத் திவசத்துக்குக் கூப்பிட்டார். சும்மா வரவேண்டாம், வைத்திய அறிக்கையின் தமிழ்ப் பிரதியையும் கொண்டு வரச் சொன்னார். ஊர் ஆக்கள் எல்லோரும் வருவார்கள், சாப்பிட முதல் அந்த ஒரு வரியை வாசித்துவிட வேண்டும். நீதவான் எழுதாவிட்டால் என்ன, கோட்டுக் கந்தோர் ஆள் சொன்னால் கேட்பார்கள்தானே என்றார். நான் பிரதியை அப்போதே எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கண்டாவளை ரோட்டில் அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஐயர் கிரியை முடித்துப் போன பிறகு, பந்தியில் முப்பது முப்பத்தைந்து பேர் வாழையிலைக்கு முன்னால் இருந்தார்கள். அக்கா என்னைக் காட்டி, இவர் ஒரு விசயம் வாசிப்பார் என்றார். நான் எழும்பி நின்று வாசித்தேன். பேர், வயது, காயங்கள், பிறகு அந்த வரி. குருதியில் மதுசாரம் காணப்படவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். ஒரு கிழவர் தலையை ஆட்டினார். எனக்கு அப்போது நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது போல இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு சோறு வந்தது, பருப்பு வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அக்கா வாளியில் இருந்து எனக்குத் தண்ணீர் வார்த்தார். வாழை மறைவுக்கு அங்கால் இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். நாங்கள் நின்றதை அவர்கள் காணவில்லை. ஒருவர் வாசித்ததைப் பற்றி ஏதோ கேட்டார். மற்றவர் துப்பிவிட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது. வார்த்த தண்ணீர் நடுவில் நின்றதால் அக்காவுக்கும் கேட்டது என்று அறிந்தேன்.

"உண்மையெண்டா கேஸ் போட்டிருப்பினமே."

இத்தனை வருடமாக மற்றவர்கள் விட்ட பிழைகளையெல்லாம் மும்மூன்று பிரதிகளில் தட்டச்சு செய்து கொடுத்த என்னிடம், நான் விட்ட பிழையை மட்டும் தட்டச்சு செய்யச் சொல்லி இன்னும் ஒருவரும் வரவில்லை.